மனித உரிமை ஆணையம் நமக்கு என்ன செய்யும்?



தோட்டத்தில் ஒரு குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது நம் மக்களுக்குத் தெரியாத செய்தியன்று. முதலில் மண்டோரிடம் சொல்வார்கள், பிறகு கிராணியிடம், பிறகு நிர்வாகியிடம். அங்கே தீராவிட்டால் சங்கம் இருக்கிறது. சங்கத்தாலும் ஆகாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. இந்தப் படிகளை நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆனால், 2000-ஆம் ஆண்டிலிருந்து வேறொரு கதவும் இந்நாட்டில் திறந்திருக்கிறது. அதுதான் மலேசிய மனித உரிமை ஆணையம். அதன் மலாய்ப் பெயரைச் சுருக்கி ‘சுஹாகாம்’ என்று அழைக்கிறார்கள்.

இந்த ஆணையத்தைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. “சுஹாகாமில் சொன்னால் போதும், முதலாளியானாலும் போலீசானாலும் கூண்டில் ஏற்றிவிடுவார்கள்” என்பது ஒன்று. “அது பல் பிடுங்கிய பாம்பு, அதனிடம் போவது வீண் வேலை” என்பது மற்றொன்று. இரண்டும் நமக்குக் கேடு செய்யும் பேச்சுகள். முதல் பேச்சை நம்பியவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டதும் ஆணையத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார். வேறோர் அலுவலகத்தில் குறித்த நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய மனு கொடுக்கப்படாமலே போய்விடும். இரண்டாவது பேச்சை நம்பியவரோ, லாக்கப்பில் இருந்து மகன் அடிபட்டு வந்தாலும், “யாரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது” என்று வாயை மூடிக்கொள்வார். ஆகவே, இந்த ஆணையத்தால் எது முடியும், எது முடியாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இது தோன்றிய கதை. உலக நாடுகள் 1948-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் கூடி அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டன. பிரகடனம் நல்லதுதான். ஆனால், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் அது மதிக்கப்படுகிறதா என்று பார்ப்பது யார்? அரசாங்கமே தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சியாக 1991-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே வகுக்கப்பட்ட நெறிமுறைகளை 1993-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. பாரிஸ் நெறிமுறைகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆணையம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட வேண்டும். அரசாங்கத்தின் பிடியில் இருக்கக்கூடாது. தனக்கென்று ஆட்களும் பணமும் வைத்திருக்க வேண்டும். நாட்டின் பலதரப்பட்ட மக்களும் அதில் இடம்பெற வேண்டும். இவைதாம் அவற்றின் சாரம். நம் வட்டாரத்தில் பிலிப்பீன்ஸ் 1987-லும் இந்தோனேசியா 1993-லும் இத்தகைய ஆணையங்களை அமைத்தன. அண்டை நாடான சிங்கப்பூரில் இப்படி ஓர் ஆணையம் கிடையாது.

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது. முன்னாள் துணைப் பிரதமர் துன் மூசா ஹீத்தாம் முதல் தலைவர். உறுப்பினர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். “பிரதமரே ஆளைச் சொல்வதானால் அது எப்படிச் சுதந்திரமான ஆணையமாகும்?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலக நாடுகளின் இத்தகைய ஆணையங்களைத் தரம் பிரிக்கும் அனைத்துலக அமைப்பும் இதைத்தான் கேட்டது. 2008-ஆம் ஆண்டில் சுஹாகாமை முதல் தரத்திலிருந்து இறக்கிவிடப் போவதாக அது எச்சரிக்கை விடுத்தது. அதன் பிறகு 2009-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்குமுன் பிரதமர் ஒரு குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இரண்டாண்டாக இருந்த உறுப்பினர் பதவிக்காலம் மூன்றாண்டாக நீண்டது. முதல் தரமும் தப்பியது. வெளியிலிருந்து ஒருவர் கண்காணித்தால்தான் உள்ளே ஒழுங்கு வரும் என்பது தனி மனிதருக்கு மட்டுமல்ல, ஆணையத்துக்கும் பொருந்துகிறது!

சரி, மனித உரிமை என்றால் எது? இந்தச் சட்டம் அதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் 5 முதல் 13 வரை ஒன்பது விதிகள் இருக்கின்றன. அவற்றில் கூறப்பட்டுள்ள அடிப்படைச் சுதந்திரங்களே இந்த ஆணையத்தைப் பொறுத்தவரை மனித உரிமைகள். 1948-ஆம் ஆண்டுப் பிரகடனத்தையும் ஆணையம் கவனத்தில் கொள்ளலாம்; ஆனால் நம் அரசியலமைப்புக்கு முரண்படாத அளவுக்குத்தான்.

அந்த ஒன்பதில் நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானவை இரண்டு. ஒன்று 6-ஆவது விதி. யாரையும் அடிமையாக வைத்திருக்கக்கூடாது. கட்டாய உழைப்பு எந்த வடிவிலும் கூடாது என்கிறது அது. இதைக் கேட்கும்போது, “இது எந்தக் காலத்துப் பேச்சு?” என்று இளைஞர்களுக்குத் தோன்றலாம். 1910-ஆம் ஆண்டு வரை இந்த மண்ணில் நம்மவர்களுக்கு ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம். பிடித்துவந்து சிறையில் அடைப்பார்கள். அந்த நினைவு உள்ள சமூகம் நாம். இன்று பால் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் அப்படிப்பட்ட ஒருவரின் கடப்பிதழை யாராவது பூட்டி வைத்துக்கொண்டு, அவரை வெளியே போகவிடாமல் வேலை வாங்கினால், 6-ஆவது விதி அவருக்காகவும் பேசுகிறது. ஏனென்றால், அந்த விதி ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. ‘எவரையும்’ என்றுதான் சொல்கிறது. பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றைக் கூறும் 10-ஆவது விதியோ குடிமக்களுக்கு மட்டும் உரியது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று 5-ஆவது விதி. உயிரும் உடல் சுதந்திரமும் பற்றியது. ஒருவரைக் கைது செய்தால், எதற்காகக் கைது செய்கிறோம் என்பதைக் கூடிய விரைவில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடம் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவருடைய அனுமதியில்லாமல் அதற்கு மேல் காவலில் வைக்கக்கூடாது. பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றதும் அழுதுகொண்டு நிலையத்தின் வாசலில் நிற்கும் தாய் இந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்திருந்தால், எதைக் கேட்பது என்ற தெளிவாவது இருக்கும். காவலில் நேரும் மரணம் நம் சமூகத்தை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. லாக்கப், சிறைச்சாலை போன்ற தடுப்பு இடங்களுக்குச் சென்று பார்வையிட்டுப் பரிந்துரை செய்ய ஆணையத்துக்குச் சட்டம் இடம் தருகிறது.

இனி அதன் அதிகாரத்துக்கு வருவோம். பாதிக்கப்பட்டவர் தாமே முறையிடலாம். பலர் சேர்ந்து முறையிடலாம். அவர்களுக்காக வேறொருவரும் முறையிடலாம். யாரும் முறையிடாவிட்டாலும், ஆணையம் தானாகவே ஒரு விஷயத்தை எடுத்து விசாரிக்கலாம். பொது விசாரணை என்று தொடங்கிவிட்டால் சாட்சிகளை வரவழைக்கலாம். சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்கலாம். பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். அங்கே சொன்ன சாட்சியத்துக்காக ஒருவர் மீது வழக்குப் போட முடியாது. பொய்ச் சாட்சி சொன்னால் மட்டுமே வழக்கு. துரையின் காதில் விழுந்துவிடுமோ என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்து பழகிய நமக்கு இந்தப் பாதுகாப்பு பெரிது.

விசாரணை முடிந்து, உரிமை மீறப்பட்டது உண்மை என்று தெரிந்தால் ஆணையம் என்ன செய்யும்? சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அல்லது ஆளுக்குத் தன் முடிவையும் பரிந்துரையையும் அனுப்பும். அவ்வளவுதான். நஷ்டஈடு கொடு என்று உத்தரவிடாது. அதிகாரியைப் பதவி நீக்காது. யாரையும் சிறைக்கு அனுப்பாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இதைக் கேட்கும் நம் பாட்டன்மார்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரக்கூடும். போருக்கு முன், 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் தோட்டம் தோட்டமாகப் போவார், லயங்களைப் பார்ப்பார், குறைகளைக் கேட்பார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதி அனுப்புவார். சம்பளத்தைக் கூட்டு என்று தோட்ட முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால், அந்தக் காலத்து லயத்திலும் கூலியிலும் என்ன நடந்தது என்பதை இன்று நாம் அறிய உதவும் ஏடுகளில் அவருடைய அறிக்கைகள் முக்கியமானவை. அவர் அந்நிய ஆட்சி அனுப்பிய அதிகாரி. இன்றைய ஆணையமோ நம் நாட்டுச் சட்டத்தால் பிறந்தது. வேறுபாடு பெரிதுதான். இருந்தாலும், பார்த்து எழுதுகிறவனுக்கு உள்ள பலம் என்ன, பலவீனம் என்ன என்பது இரண்டிலும் ஒன்றேதான்.

அந்தப் பலத்தையும் பலவீனத்தையும் நடந்த சில நிகழ்ச்சிகளில் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் கெசாஸ் நெடுஞ்சாலையில் எதிர்க்கட்சியினர் கூடிய கூட்டத்தைப் போலீசார் கலைத்தனர். பிறந்து ஓராண்டுகூட நிறையாத ஆணையம் அதைப் பொது விசாரணைக்கு எடுத்தது. போலீசார் அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தினார்கள் என்று 2001-ல் வெளிப்படையாகவே சொல்லிற்று. அரசாங்கம் நியமித்த ஆட்கள் இப்படிச் சொல்வார்கள் என்று அன்று பலர் எதிர்பார்க்கவில்லை.

ஆனால், அதே 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெட்டாலிங் ஜெயா கம்போங் மேடான் வட்டாரத்தில் கலவரம் மூண்டது. உயிரிழந்த ஆறு பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். பொது விசாரணை வேண்டும் என்று கேட்கப்பட்டும் ஆணையம் அதை நடத்தவில்லை. எதை விசாரிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஆணையத்திடமே இருக்கிறது. அப்படியிருந்தும், அந்த விசாரணை நடந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. நடக்காததால் ஏற்பட்ட மனக்குறை நம் மக்களை விட்டு இன்னும் போகவில்லை.

விசாரணை ஒரு முடிவைச் சொன்ன பிறகு அது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு 2017-ல் கடத்தப்பட்ட பாதிரியார் ரேமண்ட் கோவின் வழக்கு எடுத்துக்காட்டு. நடுவே ஒருவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டதால், 2018-ன் தொடக்கத்தில் ஆணையம் தன் விசாரணையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏனென்றால், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தையும், நீதிமன்றம் தீர்த்துவிட்ட விஷயத்தையும் ஆணையம் தொடக்கூடாது என்பது சட்டம். பிறகு விசாரணை தொடர்ந்தது. போலீசின் சிறப்புப் பிரிவைச் சேர்ந்தவர்களே அவரைக் கொண்டுபோனார்கள் என்று 2019 ஏப்ரலில் ஆணையம் முடிவு கூறிற்று. அந்த முடிவால் மட்டும் யாரும் தண்டிக்கப்படவில்லை. குடும்பத்தார் நீதிமன்றம் சென்றார்கள். 2025 நவம்பரில் உயர்நீதிமன்றம் அரசாங்கமும் போலீசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆணையம் உண்மையைச் சொன்னது. உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வந்தது.

தோட்ட மக்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது பூர்வகுடி மக்களின் நில விசாரணை. அவர்கள் பாட்டன் காலத்து நிலத்துக்குப் பட்டா இல்லை. ஒரு கிராமம் மட்டும் போய்ச் சொன்னால் அது அந்தக் கிராமத்தின் தகராறு என்று தள்ளிவிடுவார்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையம் நாடளாவிய விசாரணையைத் தொடங்கியது. தீபகற்பத்திலும் சபா, சரவாக்கிலும் மக்களிடம் வாக்குமூலம் கேட்டது. 2013-ல் 18 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளிவந்தது. அதை ஆராய அரசாங்கம் ஒரு பணிக்குழுவை அமைக்க நேர்ந்தது. பல இடத்துக் குறைகளை ஒன்றாகக் கோத்துப் பார்த்தபோதுதான், இது தனித்தனித் தகராறு அன்று, நாட்டின் நடைமுறையிலேயே உள்ள கோளாறு என்பது புலப்பட்டது. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தும், தோட்டம் விற்கப்பட்ட அன்று வெளியேறும் கடிதம் பெறும் குடும்பங்களுக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பரிந்துரை பழுக்கப் பல வருடம் ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று ஆணையம் 2003-ல் பரிந்துரைத்தது. அது நீக்கப்பட்டது 2012-ல். அதற்குப் பதிலாக வந்த சட்டத்தைப் பற்றி மனக்குறை உள்ளவர்களும் உண்டு. அது வேறு கதை. ஆண்டுதோறும் ஆணையம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. ஆனால், அந்த அறிக்கை முதன்முதலாக அங்கே விவாதிக்கப்பட்டது 2019-ஆம் ஆண்டு டிசம்பரில்தான்!

இப்போது நம் வீட்டு விஷயங்களுக்கு வருவோம். எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

வேலை நீக்கம் நியாயமற்றது என்று நினைத்தால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். பலகையில் ‘பெர்ஹுபூங்ஙான் பெருசாஹாஆன்’ என்று எழுதியிருக்கும். 61-ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை என்றால் அங்கே செல்லாது. நேயர்கள் இந்தப் பேச்சில் மற்றவற்றை மறந்தாலும் இந்த 60 நாளை மறந்துவிடக்கூடாது.

சம்பளப் பாக்கி, குறைந்தபட்சச் சம்பளம், தோட்டம் மூடப்படும்போது கிடைக்க வேண்டிய பணம் ஆகியவை தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொடர்ந்து ஓராண்டாவது வேலை செய்தவருக்கு வேலை நிறுத்தச் சலுகைப் பணம் உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். லயத்தில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்பதும் அங்கேதான். அதற்கு 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது. வேலையில் விபத்து நேர்ந்தால் சொக்சோ. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய பாட்டிக்கும் தேசியப் பதிவு இலாகாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்படியானால் ஆணையத்துக்கு எப்போது போவது? அரசாங்க அதிகாரியோ அலுவலகமோ நம் அடிப்படைச் சுதந்திரத்தில் கை வைக்கும்போது போகலாம். கைது செய்யப்பட்டவரை அடித்தால் போகலாம். காவலில் ஒருவர் இறந்தால், மாஜிஸ்திரேட் நடத்த வேண்டிய மரண விசாரணையைக் கேட்பதோடு, ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம். 2023 ஜூலையிலிருந்து போலீசாரின் நடத்தையைப் பற்றிய புகாரைக் கேட்கத் தனியாக ஓர் ஆணையமும் இயங்குகிறது, அங்கும் சொல்லலாம். பதிவு இலாகாவுக்குப் பல முறை நடந்தும் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினால், பத்திரம் இல்லாததால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காவிட்டால், அப்போது போகலாம். பல தோட்டங்களில் ஒரே மாதிரியான அநியாயம் நடக்கும்போது, பூர்வகுடி மக்களைப் போல எல்லாரும் சேர்ந்து போகலாம்.

முறையீட்டை எழுதும்போது கண்ணீரை மட்டும் எழுதிப் பயனில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் சட்டையில் உள்ள எண்ணையோ வண்டி எண்ணையோ குறிக்கலாம். பார்த்தவர்கள் யார் யார் என்று சேர்க்க வேண்டும். அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசாங்க மருத்துவமனையில் காட்டி அறிக்கை வாங்கி வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் காயம் ஆறிவிடும், பிறகு எதைக் காட்டுவது? ஏற்கெனவே எந்தெந்த அலுவலகத்துக்குப் போனோம், என்ன பதில் வந்தது என்பதையும் எழுத வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிடாமல் நகல் மட்டும் கொடுக்க வேண்டும். கோலாலம்பூரில் தலைமை அலுவலகமும் கோத்தா கினபாலு, கூச்சிங் நகரங்களில் அலுவலகங்களும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரோ, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் நம் வீட்டுப் பெண்ணோ மலாய் மொழியில் எழுதிக் கொடுத்தாலே போதும். கடிதம் சேர்ந்ததும் அதற்குரிய எண்ணைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டை வைத்திருக்கும் பையிலேயே அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விசாரிக்கப் போகும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.